கயிற்றை யார் பிடிக்கிறார்கள்?

மூன்று வாரமாக என் கைப்பையில் ஒரு விண்ணப்பப் பாரம் கிடக்கிறது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை எண், ரத்த வகை, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற விவரம். இரண்டாம் பக்கத்தில், எனக்கு ஏதாவது ஆனால் சங்கம் பொறுப்பல்ல என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே ஒரு சாட்சிக் கையெழுத்து. பிரிக்பீல்ட்சில் வேலை முடிந்து, கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறி, கிள்ளான் போய்ச் சேருவதற்குள் ஒரு தடவையாவது அதை எடுத்துப் பார்க்கிறேன். மறுபடி மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

பாறை ஏறும் சங்கம். எனக்கு வயது 46.

இதில் என்னை இழுத்துவிட்டவள் அலுவலகத்துச் சீனத் தோழி. பல வருடமாக ஏறுகிறாள். "சும்மா வந்து பாரு, பிடிக்கலைன்னா பசியாறிட்டு வீட்டுக்குப் போ" என்று ஒரு சனிக்கிழமை காலை பத்துமலைக்கு அழைத்துப் போனாள். பத்துமலை என்றால் நமக்குத் தெரிந்தது முன்பக்கம்தானே? 272 படிகள், 2006இல் எழுந்த 42.7 மீட்டர் முருகன், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள், தைப்பூசக் கூட்டம். சின்ன வயதிலிருந்து பால்குடம் எடுத்து அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். மலைக்கு ஒரு பின்பக்கம் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அங்கே குவா டாமாய் பூங்காவில், சுவர் மாதிரி நிற்கும் சுண்ணாம்புக் கல்லில் வழிநெடுக இரும்பு வளையங்கள் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெயர், இவ்வளவு கடினம் என்று ஓர் அளவு. கயிறு உச்சியில் இருக்கும் வளையத்துக்குள் புகுந்து இரண்டு பக்கமும் தொங்கும். ஒரு முனை ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் எட்டுப்போன்ற முடிச்சில் கட்டப்படும். மறுபக்கக் கயிறு கீழே நிற்பவரின் இடுப்பில் மாட்டிய ஒரு சின்னக் கருவி வழியாகப் போகும். நாம் ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை தவறினால் அந்தக் கருவி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பிலே என்று பெயர். ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இருபது வருடம் ஏறியவர்களும் அப்படிச் செய்வதைப் பார்த்தேன்.

பாதி உயரம் ஏறியிருப்பேன். மழைநீர் அரித்த குழிகளில் விரலை விட்டால் கத்திமாதிரி அறுக்கிறது. கால் வழுக்கியது. வயிறு தொண்டைக்கு வந்தது. ஆனால் நான் விழவில்லை. கயிற்றில் உட்கார்ந்திருந்தேன், ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல. கீழே தோழி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து மெதுவாக இறக்கிவிட்டாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் அப்பா மரம் ஏறியவர். கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்தில் தென்னங்கள் இறக்கினார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி, தோளில் தொங்கும் கலயம். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, முப்பது மரம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், மரத்திலிருந்து இறங்கும்போது விழுந்தார். யாரும் பார்க்கவில்லை. இருட்டிய பிறகும் வீட்டுக்கு வரவில்லையே என்று அம்மா லாந்தரை எடுத்துக்கொண்டு போய்த்தான் கண்டுபிடித்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிறகு ஊன்றுகோலோடு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல்காரராக இருந்து எங்களைப் படிக்க வைத்தார்.

இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை. பள்ளியில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்றே எழுதுவேன். பால்மரம் வெட்டினார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். கள் என்றால் தோட்டத்து மக்களுக்கே நல்ல பேச்சு கிடையாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. நியாயமான கோரிக்கைதான், எத்தனை குடும்பம் அதில் அழிந்தது என்று எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் குடித்தவனைத் திட்டிய அதே வாயால் இறக்கியவனையும் திட்டினார்கள். அப்பா எதுவும் பேச மாட்டார்.

பாரத்தைப் பற்றி வீட்டில் சொன்னதும் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா முப்பது மரம் ஏறுனது எதுக்கு? நீ தரையில நின்னு சம்பாதிக்கணும்னுதான். இப்ப நீ காசு குடுத்து ஏறப் போறியா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்தக் காலணி முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் என்று அப்போது சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வேறு ஒருவர் வீட்டில் இதே பேச்சு வந்திருந்தால் நான் மகேந்திரனையும் மோகனதாசையும் இழுத்திருப்பேன். 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் கால்வைத்த மலேசியர்கள் அந்த இரண்டு தமிழர்கள். நான் அப்போது ஆறாம் படிவம். ஊரே கொண்டாடியது. எங்கள் வீட்டில் பத்திரிகைப் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியவர் அப்பா. ஒட்டுவதற்கு முன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எறங்கிட்டாங்களாம்மா?" 8,848 மீட்டர் உயரத்தைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தது அவர் காதில் விழவே இல்லை. பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பசையை எடுத்தார்.

அதனால் அவரிடம் எவரெஸ்ட் பேச்செல்லாம் எடுபடாது. அன்று அம்மா அடுப்படிக்குப் போன பிறகு, தோழி கைப்பேசியில் அனுப்பியிருந்த காணொளியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் ஏறுவதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"கீழ நிக்குதே, இந்தப் பொண்ணு யாரு?"

கூட வேலை செய்கிறவள் என்றேன்.

"என்ன செய்யுது?"

கயிறு பிடிக்கிறாள் என்று விளக்கினேன். மறுபடி ஓட்டச் சொன்னார். நான் வழுக்கிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். விரலை வைத்துப் பெரிதாக்கத் தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கண்ணையே எடுக்கலையே அந்தப் பொண்ணு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் புடிக்கணுமா, அவங்களுக்கு?"

"ஆமாப்பா. மாத்தி மாத்தித்தான். அதுக்குச் சோதனை வைப்பாங்க. அதுல தேறினாத்தான் சேத்துக்குவாங்க."

உண்மையில் மூன்று வாரமாக என்னைக் கையெழுத்துப் போட விடாமல் தடுத்தது அதுதான். ஏறுவதற்கு ஆசைதான். ஆனால் தோழி எழுபது கிலோ, நான் ஐம்பதுகூட இல்லை. அவள் விழுந்தால் அந்த வேகத்தில் என் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். சங்கத்தில் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். எடை குறைந்தவர்களுக்கு அதற்கென்று வழிமுறைகள் இருக்கின்றன, பழகலாம் என்றும் சொன்னார்கள். இருந்தாலும் ஒரு நிமிடம் குரங்கைப் பார்த்தேன், கைப்பேசி மணி அடித்தது என்று என் கவனம் போய்விட்டால்? அந்த லாந்தர் வெளிச்சத்தில் அம்மாவின் பின்னால் ஓடியவள் நான்.

இதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயம் இருந்தா நல்லாத்தான் புடிப்பே" என்றார். "மொதல்ல புடிக்கக் கத்துக்க. ஏறுறது தானா வரும்."

பிறகு காணொளியில் என் காலைக் காட்டி, "இது என்ன, சப்பாத்து போட்டுட்டா ஏறுறது?" என்று சிரித்தார். விலை என்ன என்று கேட்டார். சொன்னேன். "முந்நூறு வெள்ளியா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பாரத்தை வாங்கிப் பார்த்தார். மலாயில் இருந்ததை வரி வரியாக நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் பேனாவைக் கேட்டு, சாட்சி என்ற இடத்தில் தமிழில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

"அப்பா, நான் இன்னும் போடலையே. நான் போட்ட பிறகுதான் சாட்சி போடணும்."

"நீ மெதுவாப் போடு" என்றார். "மழை பேஞ்ச அன்னைக்கு மட்டும் ஏறாத."

வரும் சனிக்கிழமை கயிறு பிடிக்கும் வகுப்பு. பாரம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது, சாட்சியின் கையெழுத்தோடு. காரிலேயே உட்கார்ந்து பார்ப்பாராம், அப்பாவும் வருகிறாராம். அம்மா யாரோடும் பேசவில்லை. ஆனால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், பசியாற எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்று நேற்று இரவு தம்பியிடம் கேட்டாராம்.