72 வாக்குகளில் ஒரு மரணம்

பங்கு இல்லத்திற்கு அடிக்கடி வரும் இளைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டு அமெரிக்கச் சித்திரக்கதை நூல்களை நம் மேசைமீது வைத்து, "சாமி, நேரம் கிடைக்கும்போது வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லிச் சென்றார். சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்க நினைத்த நாம், மூன்று இரவுகள் அவற்றோடு அமர்ந்துவிட்டோம். அந்த இரவுகளில் நம்மைப் பற்றி நாமே அறிந்துகொண்ட ஓர் உண்மையை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம்மைத் தடுத்து நிறுத்தியது 1988-இல் வெளிவந்த பேட்மேன் கதை. பேட்மேனுக்குத் துணைநிற்கும் சிறுவனின் பெயர் ராபின். அப்பெயரைத் தாங்கிய இரண்டாமவன் ஜேசன் டாட். வாசகர் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. கதையில் கொடியவன் ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்து, வெடிகுண்டு வைத்த கட்டடத்தில் விட்டுச் செல்கிறான். கட்டடம் வெடிக்கிறது. சிறுவன் பிழைத்தானா? அதை முடிவுசெய்யும் உரிமையைப் பதிப்பகத்தார் வாசகருக்கே அளித்தனர். இரண்டு தொலைபேசி எண்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். வாழட்டும் என்று வந்த அழைப்புகள் 5,271. சாகட்டும் என்று வந்தவை 5,343. 72 வாக்கு வித்தியாசத்தில் அச்சிறுவன் மாண்டான்.

இதை வாசித்து நாம் அதிர்ந்துபோனோம் என்று எழுதினால் அது பொய்யாகும். 'நாமாக இருந்தால் எந்த எண்ணை அழைத்திருப்போம்?' என்ற ஆவலே முதலில் எழுந்தது. செத்தால்தான் கதை சூடுபிடிக்கும் என்று மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. வெட்கம் பின்னர்தான் வந்தது.

நம் மனம் ஏன் இவ்வளவு எளிதில் சாய்ந்தது என்று எண்ணிப் பார்த்தோம். 1992-இல் சூப்பர்மேன் மாண்டபோது, அந்த இதழைக் கறுப்பு உறையிலிட்டு, துக்கத்திற்குக் கையில் அணியும் கறுப்புப் பட்டையையும் சேர்த்து விற்றனர். பல இலட்சம் படிகள் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டே அவர் திரும்பி வந்தார். 2007-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கேப்டன் அமெரிக்கா, 2009-இல் தொடங்கிய கதைத் தொடரில் மீண்டார். ஜேசன் டாட்கூட 2005-இல் வேறொரு கோலத்தில் திரும்பினான். மாதந்தோறும் இதழ் வெளிவர வேண்டுமானால் நாயகர் நிரந்தரமாக மறைய இயலாது. விற்பனை பெருக வேண்டுமானால் அவ்வப்போது அவர் மறையவும் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையில் சாவு ஒரு விளம்பரமாகிவிட்டது. முதல் சாவு வாசகரை உலுக்கியது, அடுத்தடுத்தவை உலுக்கவில்லை. ஆகவே கொடுமையின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அப்படிக் கூடிய சுமை பெரும்பாலும் பெண் பாத்திரங்களின் தோளில் விழுந்தது. 1994-இல் வந்த கிரீன் லான்டர்ன் இதழ் ஒன்றில், வீடு திரும்பும் நாயகன் தன் காதலியின் உடலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் காண்கிறான். இவ்வாறு வதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு, 1999-இல் கெயில் சிமோன் என்னும் பெண்மணி கேள்வி எழுப்பினார். பின்னாளில் அவரே இத்துறையில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். ஆணுக்குச் சினம் மூட்டுவதற்காகவே ஒரு பெண் சாக வேண்டுமா என்ற கேள்வி இன்றும் பொருளுள்ளதே.

எனினும் இதே நூல்களில் நம் உள்ளத்தைத் தொட்ட ஒன்றும் உண்டு. 1988-இல் வெளிவந்த மற்றொரு பேட்மேன் கதையில், பார்பரா கோர்டன் என்னும் பெண் ஜோக்கரின் துப்பாக்கிக் குண்டால் நடக்க இயலாதவளாகிறாள். அவளை அப்படியே கைவிட மனமின்றி, எழுத்தாளர்களான கிம் யேலும் அவர் கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும் 1989-இல் அவளுக்குப் புதுவாழ்வு கொடுத்தனர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கணினியின் துணையால் மற்ற வீரர்களுக்கே வழிகாட்டும் 'ஆரக்கிள்' ஆனாள் அவள். 2011 வரை அந்த நிலை நீடித்தது. காயத்தை அழிக்காமல் அதனூடே வாழ்வைக் காட்டிய கதை அது. உயிர்த்த ஆண்டவரின் திருவுடலிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை என்பதை நாம் நினைத்துக்கொண்டோம்.

கல்லறைத் தோட்டம்வரை சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் நாம் காண்பது ஒன்றுதான்: ஒரு சாவு வீட்டையே மாற்றிவிடுகிறது. திண்ணையில் ஒரு நாற்காலி வெறுமையாகிறது. மாலையில் விளக்கேற்றும் கை மாறுகிறது. அந்த வெறுமைக்கு ஒரு பக்கமும் ஒதுக்காமல், அடுத்த இதழில் அனைவரையும் மீண்டும் சண்டைக்கு அனுப்பும் கதை, இரத்தத்தைக் காட்டியதே தவிர மரணத்தைக் காட்டவில்லை.

நூல்களைத் திரும்பப் பெற வந்த இளைஞர், "அடுத்த கட்டு கொண்டு வரட்டுமா, சாமி?" என்று கேட்டார். "கொண்டு வாருங்கள், தம்பி" என்றோம். இம்முறை யார் சாகிறார் என்பதைவிட, யார் அழுகிறார், எத்தனை நாள் அழுகிறார் என்று பார்த்து வாசிக்க எண்ணியுள்ளோம். அந்தத் தொலைபேசி எண்களுள் எதை நம் விரல் அழைத்திருக்கும் என்பதை நாம் இன்னும் மறக்கவில்லை.