ஒரு பக்க மடி

இது ஆடு வளர்க்கிறவர்களுக்காக எழுதுவது. ஆட்டுப்பால் வாங்குகிறவர்களும் வாசித்தால் நல்லது.

நாங்கள் இருப்பது காத்தான்குடியில், வாவிக்கரைப் பக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, நடுவில் வீட்டோடு வீடு. ஆட்டை மேய விட இடமில்லை. கட்டி வைத்து, குழை வெட்டிப் போட்டுத்தான் வளர்க்கிறோம். வைக்கோல் படுவான்கரையிலிருந்து வரும்.

எங்களுடையது ஜமுனாபாரிக் கலப்பு. போன மாரியில் இரண்டு குட்டி போட்டது. மழையில் கொட்டில் முழுக்கச் சேறு. கறந்த கையோடு ஆடு அந்தச் சேற்றிலேயே படுத்துவிடும். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை குட்டியை உதைத்துத் தள்ளியது. இடப்பக்க மடி கல்லுப் போல இறுகி, தொட்டால் சுட்டது. "குட்டி முட்டினதுதான்" என்று உம்மா கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினார். தமிழ்நாட்டில் மாட்டின் மடிநோய்க்கு 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு என்று அளவு சொல்லி இதையே கொடுக்கிறார்கள். ஆகவே மருந்தில் பிழையில்லை. பிழை எங்களுடையது. தவணைப் பரீட்சைத் தாள்களோடு இரண்டு நாளைக் கடத்திவிட்டோம். மூன்றாம் நாள் பால் தண்ணீராய், திரி திரியாய் வந்தது. ஆடு குழையை முகர்ந்தும் பார்க்கவில்லை.

மிருக வைத்தியர் வந்து மடியை முழுக்கக் கறந்து கொட்டச் சொன்னார். காம்புத் துவாரத்தால் மருந்து ஏற்றி, ஊசியும் போட்டார். மடி குளிர்ந்து நீலம் பாய்ந்திருந்தால் ஆடே மிஞ்சாது என்றார். தவிட்டையும் புண்ணாக்கையும் சில நாளைக்குக் குறைத்து, குழையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். மருந்து போகும் நாட்களிலும், முடிந்த பிறகு மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாட்கள் வரையிலும், பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை, வலப்பக்கப் பால் வெள்ளை வெளேரென்று வந்தது. "இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்று உம்மா பக்கத்து வீட்டுக்குப் போத்தலை அனுப்பிவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு சாட்டு. உமர் (ரழி) அவர்களின் காலத்தில் பாலில் தண்ணீர் கலக்க மறுத்த பெண்பிள்ளையின் கதையை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறோம்! பாடசாலை வாசலில் வைத்துத்தான் போன் எடுத்தோம். ஊசி மருந்து இரத்தத்தோடு ஓடி இரண்டு பக்கப் பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது என்று சொன்னோம்.

பாலைக் காய்ச்சி ஆற வைத்திருந்தார் அந்தத் தாய். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ன மருந்து டீச்சர்?" என்றார்.

"பெனிசிலின்."

"இவனுக்கு அது ஒத்துவராது. கிளினிக் கொப்பியில சிவப்பால எழுதியிருக்கு."

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை குடித்திருக்கவில்லை.

ஆடு பிழைத்தது. இடப்பக்க மடி வற்றிப்போனது, இனி பால் வராது. இப்போது கொட்டிலுக்குள் பலகைப் பரண் அடித்திருக்கிறோம். முதல் இரண்டு பீர் கறுப்புப் பீங்கானில். திரி தெரிந்தால் அன்றே வைத்தியருக்குப் போன். கறந்து முடிந்ததும் காம்பை அயடின் மருந்தில் நனைக்கிறோம். அதற்குப் பிறகுதான் குழை கட்டுகிறோம், முன்பு கறக்கும்போதே போடுவோம். கறந்தபின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது எடுக்கும். தின்றுகொண்டு நின்றால் ஆடு அதுவரை படுக்காது. குழை பூவரசு, பலா, கிளிரிசிடியா என்று மாறி மாறிப் போகும். இப்பில் இப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை, கூடினால் மயிர் கொட்டும்.

பக்கத்து வீட்டில் இப்போதும் எங்களிடம்தான் பால் வாங்குகிறார்கள். போத்தலை நீட்டும்போது, "இன்றைக்கு ஊசி ஒன்றும் இல்லையே?" என்று தினமும் கேட்கிறார். உம்மாவுக்குக் கோபம் வருகிறது. எங்களுக்கு வருவதில்லை.