தந்தையின் தொழில்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கல்லூரியில் சேர வந்த அன்று, விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்றிருந்த இடத்தில் என் பேனா சற்றே தயங்கியது. பக்கத்தில் இருந்தவன் ‘ஆசிரியர்’ என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் ‘வணிகம்’ என்று எழுதினேன். என் தந்தை வணிகர் அல்லர்; வெல்டிங் பட்டறை ஒன்றில் தினக்கூலிக்கு வேலை செய்பவர்.

இந்த ஆண்டு எங்கள் வரலாற்றுப் பேராசிரியர், அவரவர் வீட்டுத் தொழிலின் வரலாற்றை எழுதி வந்து வகுப்பில் படிக்கச் சொன்னார். பொய்யனுக்கு வந்த சோதனை! வணிகத்தைப் பற்றி எழுதினால் பொய் இன்னும் ஒரு முழம் நீளும். பட்டறையைப் பற்றி எழுதினால் குட்டு வெளிப்படும். இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் மாலை பட்டறைக்குப் போனேன்.

அப்பா ஒரு ஜன்னல் சட்டத்தின் முன் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் கறுப்புக் கண்ணாடி பதித்த தடுப்பு ஒன்றை என்னிடம் நீட்டினார். சிறுவயதில் அந்த ஒளியை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் அலறியவன் நான். அதை அவர் மறக்கவில்லை.

“அப்பா, இது எப்படிப்பா ஒட்டுது?” என்றேன். அவர் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஒட்டுறது இல்ல தம்பி. ரெண்டு ஓரமும் உருகணும், ராடும் உருகணும், மூணும் கலந்து ஆறணும். ராடைத் தொட்டு எடுக்கணும். தொட்டபடியே இருந்தா ஒட்டிக்கும். ரொம்பத் தூக்கினா அணைஞ்சிடும். ராடு எவ்வளவு பருமனோ, அவ்வளவுதான் இடைவெளி” என்றார். பின்பு சுத்தியால் தட்டினார். கரிய ஓடு உதிர்ந்தது. உள்ளே வெள்ளி வரிபோல் இணைப்பு மின்னியது. “ராடு மேல இருக்கிற மருந்து எரிஞ்சு, காத்துப் படாம மூடிக்கும். மழைக்காலத்துல மருந்து நமுத்துப்போனா வெல்டுல ஓட்டை விழும்.”

மறுநாள் நூலகத்துக்கு ஓடினேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி இரு கரித்துண்டுகளுக்கிடையே மின்சாரத்தைப் பாய்ச்சினார். அங்கே எழுந்த சுடர், சூடான காற்றால் மேல்நோக்கி வளைந்து வில்போல் நின்றது. மின்வில் என்ற பெயரின் காரணம் அதுவே. இரும்பு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். மின்வில்லின் வெப்பமோ அதைப் போல் மும்மடங்குக்கும் மேல்.

அந்த வெப்பத்தைப் பற்றவைப்புக்குப் பழக்கி, 1885இல் காப்புரிமை பெற்றவர்கள் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸும் ஒல்ஷெவ்ஸ்கியும். அவர்கள் கையாண்டது கரிக்குச்சி. 1888இல் ஸ்லாவியானோவ், கரிக்குப் பதில் உருகி இணைப்பிலேயே சேரும் உலோகக் குச்சியைக் கொண்டுவந்தார். ஆனால் உருகிய இரும்பில் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்ததால் இணைப்பு நொறுங்கியது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் சுவீடனின் ஆஸ்கார் ஷெல்பெர்க். 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கியவர். இரும்புக் கம்பிக்கு அவர் பூச்சுப் பூசினார். அப்பா சொன்ன ‘மருந்து’ அதுவேதான்! புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

1920இல் தறையாணி இல்லாமல் பற்றவைத்தே கட்டிய ‘புல்லகர்’ என்ற கப்பல் இங்கிலாந்தில் கடலில் இறங்கியது. 1943 ஜனவரியிலோ, அமெரிக்காவின் போர்ட்லண்டில் துறையில் நின்ற ‘ஸ்கெனெக்டடி’ என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. போர்க்காலக் கப்பல்கள் பலவற்றிலும் விரிசல் கண்டது. முதற்பழி வெல்டிங் மீது விழுந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார், கடுங்குளிரில் நொறுங்கும் எஃகின் குணமே முக்கியக் காரணம் என்று காட்டினார். தனித்தனித் தகடுகளைத் தறைந்த கப்பலில் விரிசல் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். ஒன்றாகப் பற்றவைத்த கப்பலில் அது தடையின்றி ஓடிவிடும். நம் திருச்சியிலும் இக்கலையை ஆராய்வதற்கென்றே பாரத மிகுமின் நிறுவனம் 1975இல் ஒரு நிலையத்தை நிறுவியது.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். முதல் வரியை எழுதத்தான் நெடுநேரம் ஆயிற்று: “என் தந்தை ஒரு வெல்டர்.”

வகுப்பில் தலை நிமிராமல் படித்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர், “நாளைக்கு அந்த ராடு ஒன்று கொண்டு வா, நானும் பார்த்ததில்லை” என்றார். அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்றார், சொன்னேன். விண்ணப்பத்தில் எழுதியதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. விடிந்தபோது, நமுக்காமல் தாளில் சுற்றிய இரண்டு ராடுகள் என் புத்தகத்தின் மேல் இருந்தன.

சென்ற மாதம் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் இம்முறை பேனா தயங்கவில்லை. நம் வகுப்புகளில் இன்னும் எத்தனை ‘வணிகர்கள்’ இருக்கிறார்களோ, நண்பர்களே! ஒரு மாலை அவர்கள் பட்டறைக்குப் போய் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.