பர்லிங்டன் பிரபுவின் பூந்தோட்டம்

தோட்டம் என்றால் நமக்கு ரப்பரும் செம்பனையும்தான். பார்த்து ரசிப்பதற்கென்றே ஒரு தோட்டம் போட்ட பிரபு ஒருவரின் இடம் லண்டனில் இருக்கிறது. நகரின் மேற்கே, தேம்ஸ் நதிப்பக்கம் உள்ள சிசிக் என்னும் ஊர்.

பர்லிங்டன் பிரபு 1694-இல் பிறந்தவர். தந்தை இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. யார்க்ஷயரிலும் அயர்லாந்திலும் பரந்து கிடந்த நிலமெல்லாம் அந்தச் சிறுவனுக்கு வந்து சேர்ந்தது. அயர்லாந்துக் குடியானவன் வியர்வை சிந்தினான். குத்தகைப் பணம் கடல் தாண்டிப் போனது. இந்தக் கதை நமக்குப் புதிதல்லவே!

ஆனால் அந்தப் பணத்தைப் பிரபு கலைக்காக அள்ளி இறைத்தார், கடனும் பட்டார். இசைமேதை ஹேண்டல் அவருடைய லண்டன் மாளிகையில் சில காலம் தங்கியிருந்தார். 1719-இல் இத்தாலிக்குப் போய் பழைய கட்டடங்களை ஆராய்ந்தவர், திரும்பும்போது வில்லியம் கென்ட் என்ற ஓவியரையும் கையோடு அழைத்து வந்தார். கென்ட் எளிய குடும்பத்துப் பிள்ளை. பிரபுவோ அவரைக் கடைசிவரை தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

1729 வாக்கில் எழுந்த சிசிக் மாளிகை வெள்ளை வெளேரென்று, நடுவே குவிமாடத்தோடு நிற்கிறது. குடும்பம் வசித்தது பக்கத்துப் பழைய வீட்டில். இதுவோ ஓவியங்களுக்கும் நூல்களுக்கும் நண்பர்களுக்கும்!

மாளிகையைவிட மனத்தை இழுப்பது பூந்தோட்டம்தான். அந்நாளில் பெரிய வீட்டுத் தோட்டங்களில் கோடு போட்டதுபோல் நேர்ப்பாதை, கத்தரித்த வேலி. இங்கே பிரபுவும் கென்டும் அந்தக் கட்டுகளைத் தளர்த்தினார்கள். நேராக ஓடிய நீர் ஆறுபோல் வளைந்தது. புல்தரை சரிந்து கரையைத் தொட்டது. இங்கிலாந்து முழுவதும் பின்னால் பரவிய இயற்கைப் பாணிக்கு இது ஒரு முன்னோடி. மனிதக் கையே படாததுபோல் தோன்றுவதற்கு எத்தனை கைகள் மண் சுமந்தனவோ! அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கென்ட் 1748-இல் இறந்தபோது, சிசிக் தேவாலயத்தில் பிரபு குடும்பத்தின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிரபு 1753-இல் மறைந்தார். மகள் வழியாகச் சொத்து டெவன்ஷயர் கோமகன்களிடம் போனது. 1892 முதல் மாளிகை மனநோய் மருத்துவமனையாகவும் இருந்தது. 1929-இல் மிடில்செக்ஸ் மாவட்ட மன்றம் அதை வாங்கியது.

இன்று மாளிகைக்குள் போகத்தான் கட்டணம். பூந்தோட்டத்துக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் புல்தரையில் ஓடுகிறார்கள்; கேட்பார் இல்லை. குளிர் விலகும் வேளையில் போனால், 1813-இல் கட்டிய கண்ணாடி வீட்டில் கமேலியா மலர்களையும் பார்க்கலாம்.

பொழுதிருந்தால் நதிக்கு அக்கரையில், சற்று மேலே உள்ள கியூ பூங்காவுக்கும் போய் வாருங்கள். 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்குக் கப்பலேறியது அங்கிருந்துதான்.