ஒடுகத்தூர் ஆவாரை

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு நாம் பிரயாணம் போனது சந்தன விருட்சத்தைக் காணத்தான். கண்ணில் பட்டதோ பொன்னாய்ப் பூத்திருந்த ஆவாரை. "இது செடியல்லவா, மரமாகுமா?" என்று நம் மாணாக்கர் கேட்பர். கேட்கட்டும்! ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கிடங்குகளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது இதன் பட்டையே. கொம்பை வெட்டி உரிப்பார்கள். அதன் துவர்ப்புச் சத்து பச்சைத்தோலை அழுகாமல் காக்கும். அத்தோல் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, குரோம் உப்பும் வந்தது. பாலாறு கெட்டது, ஆவாரை பிழைத்தது. சந்தனத்துக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. வேரிலும் தைலமுண்டாதலால், அதன் மணத்தில் மோகங்கொண்டவர்களே அதை வேரோடு பெயர்த்தனர்.

பஸ் நிற்குமிடத்தில் ஒரு மூதாட்டி ஆவாரம்பூ உலர்த்திக்கொண்டிருந்தார். ஸ்நானப் பொடிக்காம். நமக்கும் ஒரு பிடி அளித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.