பாடசாலைத் தங்கமீன் தொட்டிக்கு ஒரு பரல் வடிகட்டி

வட்டவளை உறவுகளே,

பாடசாலைத் தங்கமீன் தொட்டிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் செய்த வடிகட்டியைப் பற்றிப் பெற்றோர் பலர் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறோம்.

வீட்டில் மீன் வளர்த்த ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டாள்: "தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு டீச்சர், பொறகு ஏன் மீன் செத்துச்சு?"

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. மீனின் செவுளிலிருந்து அமோனியா வெளியாகிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீன் அழுகினால் இன்னும் கூடும். அதற்கு நிறமில்லை, ஆனால் நஞ்சு. ஒருவகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். அதனால் மீனுக்கு ஆபத்துக் குறைவு, செடிக்கோ உணவு. இந்தப் பக்டீரியாக்களை 1890இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. வடிகட்டி என்பது அவை குடியிருக்க நாம் கட்டும் வீடு.

செய்த விதம் இதுதான். பழைய பிளாஸ்டிக் பரல் ஒன்று. சிறிய மோட்டர் தொட்டித் தண்ணீரைப் பரலின் அடியில் விடும். அடியில் கழிவு படிய வெற்றிடம், அதைத் திறந்துவிட ஒரு டெப். அதற்கு மேல் ஸ்பொஞ், அதன்மேல் கழுவிய சல்லிக்கல்லும் போத்தல் மூடிகளும். மேலே ஏறிய தண்ணீர் பைப் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். நுளம்பு முட்டையிடாமல் பரல் வாயை நெருக்கமான வலையால் கட்டியிருக்கிறோம்.

நம்ம ஊருக்கென்று இரண்டு விஷயங்கள். தங்கமீனுக்குக் குளிர் பிரச்சினையில்லை. பக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். வெப்பமான இடங்களில் நாலு முதல் ஆறு வாரம் என்றால் இங்கே இன்னும் கூடுதல். அதுவரை இரண்டு மூன்று மீன், கொஞ்சம் தீன், வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். அடுத்தது மழை. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் நம்முடையதும் ஒன்று. மழைநீரில் சுண்ணச் சத்து இல்லை. அது குறைந்தால் பக்டீரியாவின் வேலை நின்றுவிடும். அதனால் ஒரு பை நொறுக்கிய சிப்பியைப் பரலுக்குள் போட்டோம்.

ஸ்பொஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், பக்டீரியா செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள். மோட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போனால், பரலில் தேங்கியதைத் திறந்துவிட்டுத்தான் மறுபடி போடுங்கள்.

மீன் வேண்டாமென்றால் ஓடையில் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. அங்குள்ள மீன்களுக்கு அது கேடு. எங்களிடம் கொடுங்கள்.

புதிதாகத் தொட்டி கட்டுபவர்கள் பாடசாலைக்கு வாருங்கள். எங்கள் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தருவோம். உங்கள் பரலில் போட்டால் பக்டீரியா சீக்கிரம் குடியேறும். உலரவிடாமல், தொட்டித் தண்ணீரோடு எடுத்துப் போக ஒரு வாளி கொண்டு வாருங்கள்.