ஃப்ளஷ் பண்ணதுக்கு அப்புறம்

ஃப்ளஷ் பண்ண தண்ணி எங்க போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? சிவில் படிக்கிற நானே யோசிச்சதில்லை. 2022-ல் எனக்குக் கொரோனா வந்து, ஹாஸ்டல் கடைசி பிளாக்கில் ஏழு நாள் தனியா அடைச்சு வெச்சாங்க. அப்பதான் முதல்முறையா யோசிச்சேன். காரணம், திமிங்கிலம்!

சிரிக்காதீங்க. போனை நோண்டிக்கிட்டு இருந்தப்போ கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை ஒண்ணு கிடைச்சது. கழிவுநீர் வழியாக மனிதனின் கொரோனா கடல் பாலூட்டிகளுக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. எழுதிய நால்வரில் ரெண்டு பேர் தண்ணீர்ப் பொறியாளர்கள், நம்ம இனம்! அதனால்தான் முழுசாப் படிச்சேன்.

விஷயம் இதுதான். கொரோனா நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடிச்சாகணும். பூட்டும் சாவியும் மாதிரி (உதாரணம் பழசுதான், வேற கிடைக்கலை). அந்தப் பூட்டு திமிங்கிலம், டால்பின், சீல் எல்லாத்துக்கும் இருக்கு. 2020-ல் அமெரிக்காவில் டேவிஸ் பல்கலைக்கழகம் தலைமையில் 410 விலங்குகளின் ஏசிஇ2-வை, வைரஸ் தொடுகிற 25 இடங்களில் மனிதனோடதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ‘அதிக ஆபத்து’ வரிசையில் 12 திமிங்கில, டால்பின் இனங்கள் வந்துச்சு. கனடா குழு அதோட நிக்கலை. அலாஸ்காவை எடுத்துக்கிட்டு, எந்த ஊர்க் கழிவுநீர் எவ்வளவு சுத்திகரிப்போட கடலுக்குப் போகுது, அங்கே பெலூகா போன்ற விலங்குகள் இருக்கான்னு பார்த்தாங்க.

பயமுறுத்த வரலை. பூட்டு பொருந்துவது கம்ப்யூட்டர் கணக்கு. பொருந்தினாலே நோய் வந்துரும்னு அர்த்தமில்லை. சாக்கடையில் கிடைக்கிற வைரஸ் மரபுப்பொருள் எல்லாமே உயிருள்ள வைரஸும் இல்லை. கடலில் கலந்தால் நீர்த்தும் போகும். ஆனா திமிங்கிலத்துக்குக் கொரோனா குடும்பம் புதுசு இல்லை. வளர்ப்பில் இருந்து செத்துப்போன ஒரு பெலூகாவின் கல்லீரலில் ஒரு கொரோனா வைரஸ் இருந்ததாக 2008-லேயே எழுதியிருக்காங்க. போதாததுக்கு, வைரஸை எதிர்க்கிற எம்எக்ஸ் மரபணுக்கள் இரண்டையும் பல் திமிங்கிலங்களும் டால்பின்களும் பரிணாமத்தில் எப்பவோ தொலைச்சிட்டாங்க. டென்மார்க்கில் மிங்க் பண்ணைகளுக்கு மனிதர்கிட்ட இருந்துதான் கொரோனா போச்சு; 2020-ல் கோடிக்கும் மேல கொன்னாங்க.

இதில் என்னை உறுத்தினது ஒரே ஒரு வரி விஷயம். கொரோனாவுக்கு மேல் இருக்கிறது கொழுப்புப் போர்வை. ஒழுங்கா குளோரின் போட்டா அது தாங்காது. சுத்திகரிப்பின் கடைசிப் படி அது. பரீட்சையில் ரெண்டு மார்க்.

இப்ப என் கதை. அந்த செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு, எங்க கேம்பஸ் கழிவுநீர் நிலையத்தில் வாரம் ஒருமுறை மீதக் குளோரின் அளக்கணும். முதல் வாரம் போனேன். நாத்தம் தாங்கலை. அடுத்த வாரத்திலிருந்து ரூம்ல உட்கார்ந்தே நோட்டில் 0.5, 0.6, 0.5 என்று மாத்தி மாத்தி எழுதினேன். நீங்களும் எழுதியிருப்பீங்க, எனக்குத் தெரியும்.

அந்த ஏழு நாளும், ஒவ்வொரு தடவை ஃப்ளஷை அழுத்தும்போதும் அந்த 0.5 ஞாபகம் வந்துச்சு. எங்க நிலையத்துத் தண்ணி ஓடைக்குப் போகும். ஓடை கடலுக்குப் போகும். நம்ம கடலிலும் டால்பின் இருக்கு.

எட்டாவது நாள் வெளியே விட்டதும் நேரா கிட்டை எடுத்துக்கிட்டு அங்கே போனேன். தண்ணியில் சொட்டு விட்டேன். குளோரின் இருந்தா மஞ்சளாகணும். ஆகலை. இன்னொரு தடவை விட்டேன். பச்சைத் தண்ணி மாதிரியே இருந்துச்சு.

வாசல்ல உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி தேடுற? குளோரின் பம்பு ரிப்பேராகி நாலு மாசம் ஆச்சே. உன் நோட்டுலதான் எல்லாம் சரியா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க.”